கை உப்பு

என் நாத்தனாரை எனக்குக் கல்யாணமான மூன்றாம் நாளே பிடிக்காமல் போய்விட்டது. அன்று புது மருமகளின் சமையல். நான் வைத்த சாம்பாரில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "இவளுக்குக் கை உப்பு பத்தாது" என்றாள். அவள் என் வீட்டுக்காரருக்கு ஒரே அக்கா. ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். நேரில் பார்த்தால் "வாங்க அண்ணி" என்பேன். காபி கொடுப்பேன். எழுத உட்கார்ந்தால் அந்த மரியாதை வர மாட்டேன் என்கிறது. அவள் என்றுதான் வருகிறது, வந்தபடியே எழுதுகிறேன்.

முப்பத்தைந்து வருஷம் நான் அவளை விட்டு ஒதுங்கித்தான் இருந்தேன். நாங்கள் தென்னூரில், அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம். அவருக்கு இதயம் கெட்டுப்போன பிறகுதான் அவள் வாரத்துக்கு இரண்டு தடவை பஸ் ஏறி வர ஆரம்பித்தாள்.

அவருக்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பு வந்து போயிருந்தது. அப்புறம் மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தார். போன வருஷம் கால் வீங்கியது. செருப்பு வார் பதிந்த தடம் மத்தியானம் வரைக்கும் மறையவில்லை. நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று தலையணை கேட்டார். தில்லை நகரில் ஒரு இதய டாக்டரிடம் போனோம். என்னிடம் கணக்குப் படித்த பிள்ளைகளின் வயசுதான் அந்த டாக்டரம்மாவுக்கு. நெஞ்சில் பசை தடவி எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"இடது பக்க வால்வு சரியா மூட மாட்டேங்குது சார். முன்னாடி போக வேண்டிய ரத்தத்துல பாதி பின்னாடியே வருது. வந்து நுரையீரல்ல தேங்குது."

"லீக்கு," என்றார் அவர். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அவருக்குத் தெரியாத வால்வா? "லீக்கானா மாத்திட வேண்டியதுதானே டாக்டர்?"

"நெஞ்சத் தொறந்து மாத்தினா உங்க இதயம் தாங்காது. தொடை வழியா ஒரு குழாய விட்டு, உள்ள ஒரு கிளிப் போடலாம்."

"கிளிப்புன்னா? துணி காயப்போடற கிளிப்பா?"

"கிட்டத்தட்ட அதேதான்னு வச்சுக்கங்க."

அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிர் போகிற விஷயம் பேசும்போது என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது?

டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார். "கிளிப் பிரச்சினை இல்லம்மா. வலது பக்கம்தான் எனக்கு பயம். நுரையீரல்ல தேங்கி நிக்கற ரத்தத்த எதுத்துத் தள்ளித் தள்ளி, வலது பக்கம் பெருத்து, தளந்துபோச்சு. அந்தப் பக்க வால்வும் இப்ப லேசா ஒழுகுது. அதனாலதான் கால்லயும் வயித்துலயும் தண்ணி. வலது பக்கம் ரத்தத்தத் தள்ளிக் குடுத்தாத்தான் இடது பக்கத்துல கிளிப் போட்டுப் பிரயோஜனம். இப்ப இருக்கற நெலமைல போட மாட்டேன். ஆறு வாரம் தரேன். தண்ணிய எறக்குங்க. மாத்திரை என் வேலை, உப்பும் தண்ணியும் உங்க வேலை. ஆறு வாரம் கழிச்சு மறுபடி எக்கோ. வலது பக்கம் கொஞ்சம் தேறியிருந்தா கிளிப் போட்டுடலாம்."

"தேறலேன்னா?" என்றேன்.

"தேற வைப்போம்," என்றார். அது பதில் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. சமையலில் உப்பே வேண்டாம், ஊறுகாய் அப்பளம் கூடாது, காபி மோர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போகக்கூடாது, தினம் காலையில் எடை பார்த்து எழுத வேண்டும் என்று அடுக்கினார். "இதெல்லாம் நீங்க எனக்குச் சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். முப்பது வருஷம் கணக்கு டீச்சர் நான். வகுப்பில் பென்சில் கீழே விழுந்தால்கூடச் சத்தம் வராமல் எடுப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உப்பு ஜாடியைத் தூக்கிப் பரணில் போட்டேன். குளியலறை வாசலில் எடை பார்க்கும் மிஷின். சமையலறைச் சுவரில் ஒரு தாள். அளவு போட்ட பாட்டிலில் தண்ணீர்.

நாலு நாள் ஓடியது. உப்பில்லாத ரசத்தை அவர் கையில் ஏந்தி, வாயில் வைத்து, முகத்தைச் சுளித்தார். ஏற்கெனவே பசி கிடையாது. வயிற்றில் தண்ணீர் நின்றால் இரண்டு கவளத்திலேயே நிறைந்துவிடுகிறது. ஐந்தாம் நாள் தட்டைத் தள்ளிவிட்டார். "இதத் தின்னு உயிரோட இருக்கறதுக்குச் செத்தே போலாம்." நான் அந்தத் தட்டை அப்படியே எடுத்துப்போய்த் தொட்டியில் வீசினேன். சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். அப்புறம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். கழுத்து எலும்பு தெரிய, கால் மட்டும் தூண் போல இருக்கிற மனுஷன் சாப்பிடாமல் படுத்தால் எனக்கு எப்படி இருக்கும்?

அப்போதுதான் இந்துப்பு ஞாபகம் வந்தது. சமயபுரத்து மாரியம்மன் மாசி கடைசியிலிருந்து பச்சைப் பட்டினி இருப்பாளே, அந்த இருபத்தெட்டு நாளும் என் அம்மாவும் உப்புச் சேர்க்காமல் விரதம் இருப்பார். நீர்மோரில் மட்டும் ஒரு சிட்டிகை இந்துப்பு. "இது உப்புல சேராது," என்பார் அம்மா. விரதமே முறியாது என்றால் அது எப்படி உப்பாகும்? பெரிய கடைவீதியில் நாட்டு மருந்துக் கடைக்காரரும் அதையேதான் சொன்னார். "தாராளமா சேத்துக்கங்கம்மா, இது மருந்து." வெளிர் சிவப்பாகக் கட்டி கட்டியாக இருந்தது. இடித்து, சலித்து, பாட்டிலில் போட்டு வைத்தேன். அன்று ராத்திரி மிளகு ரசம். அவர் இரண்டு தடவை வாங்கி ஊற்றிக்கொண்டார். "இப்பத்தான் வாய்க்கு உணக்கையா இருக்கு," என்றார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு வயிறு நிறைந்தது. பொய் சொல்லவில்லை, அந்த ரசத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை.

எடை முதல் வாரம் கொஞ்சம் இறங்கியது. இரண்டாம் வாரம் நின்றது. மூன்றாம் வாரம் ஏற ஆரம்பித்தது. மாத்திரையை டாக்டரம்மா போனிலேயே கூட்டிச் சொன்னார். அதற்கும் மசியவில்லை.

பார்க்க வருகிறவர்கள் வேறு. மாடி வீட்டு அம்மாள் கதவைத் திறந்ததும் திறக்காததுமாக, "அண்ணன் நல்லா பூசினாப்புல ஆயிட்டாரே, தேறிட்டாரு!" என்றாள். "தேறல. ஊதியிருக்காரு. காலை அமுக்கிப் பாருங்க, குழி விழும்," என்றேன். அப்புறம் அவள் வரவில்லை. நிம்மதி.

எனக்குத் தெரியாமல் அவருக்கு உப்புப் பண்டம் யார் கொடுக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். வேறு யார்? செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் வருகிறவள் அவள்தான். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் காலை மடியில் வைத்துத் தடவிக் கொடுத்துக்கொண்டு, குசுகுசுவென்று பேசுவாள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். அவள் பையில் கோயில் பிரசாதம் இல்லாமல் வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு சனிக்கிழமை, எடை ஒரு வாரத்தில் ஒன்றரைக் கிலோ ஏறியிருந்த காலையில், கையில் இலைப் பொட்டலத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

"என்ன அது?"

"பெருமாள் பிரசாதம்மா. சக்கரப் பொங்கல். உப்பு இல்லாததாப் பாத்துத்தான்..."

"சக்கரப் பொங்கலுக்கு ஒரு சிட்டிகை உப்பு போடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? கை உப்பு பத்தாதவதானே நான்!" பொட்டலத்தை அவள் கையிலிருந்து பிடுங்கி வாசல் குப்பைக் கூடையில் போட்டேன். "தம்பியக் கொல்றதுக்குன்னே பஸ் ஏறி வர்றீங்களா? பிரசாதம்னா உப்புக் கணக்குல வராதா? படிக்காத ஜனம்னா இப்படித்தான்!"

மாடிப் படியில் இரண்டு தலை எட்டிப் பார்த்தது. உள்ளே அவர், "ஏய், ஏய்," என்று மூச்சு வாங்கக் கத்தினார். அவள் குனிந்து கூடையிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், முந்தானையில் முடிந்துகொண்டு வந்த வழியே போய்விட்டாள். அவளோடு அத்தனை வருஷம் போட்ட மனச் சண்டைகளில் நான் ஜெயித்தது அது ஒன்றுதான். அன்று மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

அதற்கப்புறம் அவள் வரவில்லை. எடை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

எனக்கு வெறி பிடித்தது போல ஆகிவிட்டது. அவர் சட்டைப் பையைத் துழாவினேன். தலையணை உறைக்குள் பார்த்தேன். குளியலறையில் குழாயைத் திறந்து குடிக்கிறாரோ என்று கதவுக்கு வெளியே நின்றேன். "உண்மையச் சொல்லுங்க, என்ன திங்கறீங்க?" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கியும் இருக்கிறேன். அவர் என்னை அண்ணாந்து பார்த்தார்.

"நீ போடறதத் தவிர ஒண்ணும் வாயில வைக்கலம்மா. சத்தியமா."

நான் நம்பவில்லை.

ஆறாவது வாரம் முடிந்து தில்லை நகருக்கு ஆட்டோவில் போனோம். ஆஸ்பத்திரி வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். இவர் போனில் சொல்லியிருக்கிறார். நான் அவளைப் பார்க்காதது போல உள்ளே போனேன். அவளும் பின்னாலேயே வந்தாள். எக்கோ முடிந்ததும் டாக்டரம்மா அவரை நர்ஸோடு எடை பார்க்க அனுப்பிவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார்.

"நல்லா இல்லம்மா. வலது பக்கம் போன தடவையவிட மோசம். இன்னும் பெருத்திருக்கு. அந்தப் பக்க லீக்கும் கூடியிருக்கு. இவ்ளோ மாத்திரைக்குத் தண்ணி எறங்கியே ஆகணும். சாப்பாட்டுல உப்பு எப்படி?"

"அத இவங்களக் கேளுங்க," என்று அவள் பக்கம் கையை நீட்டினேன். "என் சமையல்ல ஒரு கல் உப்பு கெடையாது. இந்துப்பு மட்டும்தான்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "எவ்ளோ போடறீங்க?"

"எப்பவும் போடற அளவுதான். வாய்க்குப் பிடிக்கலைங்கறாரேன்னு ஒரு சிட்டிகை கூட."

"அம்மா," என்றார், ரொம்ப மெதுவாக. "இந்துப்பும் உப்புதாம்மா."

"விரதத்துக்கே சேத்துக்கறாங்க..."

"விரதத்துக்குச் சரிம்மா. இதயத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். நெறம்தான் வேற."

"இத மொதல்லயே சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன்.

"உப்பே வேணாம்னு சொன்னேனேம்மா."

மேஜை மேல் ரப்பரில் செய்த இதயம் ஒன்று இருந்தது, பாதியாகப் பிளந்து பார்க்கிற மாதிரி. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வாரம். ஒரு நாளைக்கு மூன்று வேளை. இரண்டாம் தடவை வாங்கி ஊற்றிக்கொண்ட ரசம். பக்கத்து நாற்காலியில் அவள் இருக்கிறாள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இப்போது பேசுவாள், முப்பத்தைந்து வருஷத்துக்கும் சேர்த்துப் பேசப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

கதவு திறந்தது. அவர் நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எங்கள் முகங்களைப் பார்த்தார். "என்ன டாக்டர்? கிளிப் உண்டா?"

"இப்ப இல்ல சார். அட்மிட் பண்ணித் தண்ணிய எறக்கிப் பாப்போம். உப்பு உள்ள போயிருக்கு."

"உப்பா? அதான் வீட்டுல போடறதே இல்லையே. எப்படிப் போச்சு?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். எனக்கு வாய் திறக்க வேண்டிய நேரம் அதுதான். நான் மேஜை மேலிருந்த அவர் ஃபைலை இழுத்துப் பிரித்தேன்.

"நான்தான்டா தம்பி," என்றாள் அவள். "ஒனக்குக் குடுத்த பிரசாதம். பிரசாதத்துல இருக்கற உப்பு ஒண்ணும் செய்யாதுன்னு நெனச்சிட்டேன். அவ தலபாடா அடிச்சுக்கிட்டா. நான்தான் கேக்கல."

அவளை வாசலோடு நான் துரத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் கொடுத்ததும் தடவைக்கு ஒரு விரல் அளவுதான். கணக்குப் போட்டால் இரண்டு நிமிஷத்தில் பொய் தெரிந்துவிடும். அவர் கணக்குப் போடவில்லை. அக்காவை ஒரு சொல் சொல்ல விடாத மனுஷன், முதல் தடவையாக அவளைப் பார்த்து வெடித்தார்.

"அறிவு இருக்காக்கா ஒனக்கு? பாவம், அவ ஒரு மாசமா என்னைய சந்தேகப்பட்டுச் செத்துக்கிட்டு இருக்கா! இனிமே நீ எதையும் தூக்கிக்கிட்டு வராத. இவ கையாலத் தவிர இனி நான் எதையும் தொட மாட்டேன்."

"சரிடா," என்றாள்.

டாக்டரம்மா இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஃபைலில் இருந்த தாள்களை வரிசையாக அடுக்கினேன்.

அவரைப் படுக்கையில் சேர்த்துவிட்டு, கீழே மருந்துக் கடை வரிசையில் நிற்கும்போது அவளைப் பிடித்துக்கொண்டேன். நன்றி சொல்ல இல்லை. எனக்கு ஆத்திரம்.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க? உங்கள யாரு கேட்டா? என்னைய நல்லவளாக்கி என்ன சாதிக்கப் போறீங்க?"

அவள் சீட்டை என் கையிலிருந்து வாங்கிக் கடைக்காரரிடம் நீட்டினாள். "அவன் இனிமேலும் ஒன் கையாலதானேம்மா சாப்பிடணும்? ஒன் மேல சந்தேகம் வந்துடுச்சுன்னா ஒரு வாய் எறங்குமா? நான் அக்கரையில இருக்கறவ. என்னையத் திட்டிட்டுப் போறான், போ."

மருந்தை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன்.

ஊசியில் ஆறு கிலோ தண்ணீர் இறங்கியது. முகம் ஒடுங்கி, கன்னம் ஒட்டி, பழைய மனுஷனாகத் தெரிந்தார். பதினோராம் நாள் மறுபடி எக்கோ எடுத்தார்கள். கால் வடிந்திருந்தது, வலது பக்கம் திரும்பவில்லை. "கிளிப் போட்டாலும் அது தாங்காதும்மா," என்றார் டாக்டரம்மா. அந்த ஆறு வாரம் சரியாக இருந்திருந்தால் தாங்கியிருக்குமா என்று கேட்டேன். தெரியாது என்றார். இரக்கத்தில் சொன்னாரா, நிஜமாகவே தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இரக்கமும் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம் ஏழு மாதம் இருந்தார். இந்துப்புப் பாட்டிலைச் சாக்கடையில் கொட்டினேன். எலுமிச்சம்பழம், மிளகு, சீரகம், இவற்றை வைத்து என்னென்னவோ செய்தேன். உப்பில்லாத சோற்றை ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார். பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம், "எங்கக்கா புளியோதரையக் குடுத்துக் கெடுத்தா. இவதான் கண்ணுல வெளக்கெண்ணெ விட்டுக்கிட்டுப் பாத்துக்கறா," என்பார். பிரசாதம் எப்போது புளியோதரை ஆனதோ தெரியவில்லை, அவராகவே ஆக்கிக்கொண்டார். நான் அடுப்பு பக்கம் திரும்பி எதையாவது கிளறிக்கொண்டிருப்பேன். நூறு தடவை சொல்ல வந்திருக்கிறேன். சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நினைப்பேன். முடித்ததும், தூங்கி எழட்டும் என்று நினைப்பேன்.

அவள் வெறுங்கையோடு வர ஆரம்பித்தாள். தம்பி திட்டுவதைக் கேட்டுக்கொண்டு, கால் பிடித்துவிட்டு, காபிகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவாள்.

கடைசியில் ஆஸ்பத்திரியிலேயே வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வந்த இரண்டாம் நாள், வெயில் ஏறுவதற்கு முன்னால், அவள் வந்தாள். அன்றைக்கு மட்டும் வெறுங்கை இல்லை. துளசி போட்ட பெருமாள் தீர்த்தம், மூடி போட்ட சின்னப் பித்தளைச் செம்பில். என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து, கரண்டியில் எடுத்து அவர் உதட்டில் வைத்தாள்.

அவர் உதட்டை இறுக மூடிக்கொண்டார். தலையை ஆட்டினார்.

"தீர்த்தம்டா. வெறும் தண்ணி. அக்காடா."

"வேணாம்," என்றார். காற்றுதான் வந்தது. "அவளக் கேளு."

அவள் கரண்டி கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. ஒரு சொட்டு அவர் மோவாயில் விழுந்தது. முந்தானையால் துடைத்தாள். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். அவர் காதில், உங்களுக்கு உப்பு போட்டவ நான்தாங்க, உங்க அக்கா இல்ல என்று ஒரே ஒரு வரி. அவருக்கு நினைவு இருந்தது, கேட்டிருப்பார். அக்கா கையால் ஒரு சொட்டு வாங்கிக்கொண்டிருப்பார்.

அவள் எழுந்து எனக்கு இடம் விட்டாள். செம்பையும் கரண்டியையும் என் கையில் கொடுத்தாள்.

நான் உட்கார்ந்து கரண்டியை வாயருகே கொண்டுபோனேன். என் கை என்று தெரிந்ததும் அவர் வாயைத் திறந்தார்.